குட்டைக்கால் மிராசு

நவம்பர் 17, ஞாயிறு

பதினொரு முட்டை வைத்தேன். ஐந்து பொரித்தது. மீதியை உடைத்துப் பார்த்தால் இரண்டு கூமுட்டை, நான்கில் குஞ்சு பாதி உருவாகி அப்படியே செத்திருக்கிறது. போன தடவையும் இதே கதை. இன்குபேட்டரில் சூடு ஏறி இறங்குகிறது போலிருக்கிறது. நாளைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

பொரித்த ஐந்திலும் இரண்டு நெட்டை. எரிச்சலாக வந்தது. சாபோ என்பது ஜப்பான் குட்டைக் கோழி. அதற்குக் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இறக்கை தரையைத் தொட வேண்டும், வால் தலைக்கு மேலே செங்குத்தாக நிற்க வேண்டும். இந்த ஜில்லாவில் இரண்டே பேரிடம்தான் இந்த இனம் இருக்கிறது. இதில் நெட்டைக் காலோடு பிறந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? முட்டை வியாபாரத்தில் நான் படித்த முதல் பாடம், விரிசல் விட்ட முட்டையை அன்றைக்கே பேக்கரிக்குத் தள்ளிவிடு, நல்லதோடு சேர்த்து வைக்காதே. நெட்டைகளுக்கும் அதுதான் சட்டம். இறகு முளைத்ததும் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன்.

இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆன மனுஷர், இன்னும் யாரையாவது கிண்டல் செய்யாமல் இருக்க முடியாது.

“நெட்டையா பொறந்தது அதும் குத்தமா? நானுந்தான் நெட்டை. என்னியும் யாருக்காச்சும் தள்ளிவுட வேண்டிதான?”

“கேட்டுப் பாத்துட்டேன். வாங்க ஆள் இல்ல. அதான் வெச்சிக்கினு கீறேன்.”

நவம்பர் 29, வெள்ளி

வேலூரில் அக்கா மகள் கல்யாணம். போகவில்லை. சேவல் நான்கு, பெட்டை பத்தொன்பது, குஞ்சுகள் தனி. யாரிடம் விட்டுவிட்டுப் போவது? இந்தக் குட்டைக் கால்களுக்கு ஈரம் ஆகாது. நெஞ்சு தரையில் உரசும், சளி பிடிக்கும். மழை நாளில் மணலை மூன்று முறை மாற்றுகிறேன். தண்ணீர்க் கிண்ணம் ஒரு விரல் உயரம் அதிகமானாலும் எட்டாது.

இவர் மட்டும் போய்விட்டு வந்தார். பையை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“எல்லாரும் கேக்கறாங்க, லோகநாயகி வர்லியான்னு. கூண்டுல மாட்டிகினு கீறான்னு சொன்னேன். கோழியா, அவளான்னு கேட்டாங்க. எனுக்கே தெரீலன்னு சொல்லிட்டு வந்தேன்.”

சிரித்தேன். பிறகு வெகு நேரம் அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

கண்காட்சி தேதி சொல்லிவிட்டார்கள். பிப்ரவரி 2, மாமல்லபுரம், கடற்கரை ஓட்டல் புல்வெளி. பேன்டம், அதாவது குள்ளக் கோழிப் பிரிவுக்குத் தனிக் கோப்பை.

கோப்பை எனக்கு முக்கியம் இல்லை என்று எழுதினால் பொய். போன வருஷம் ராஜாராமின் சேவல் முதலிடம், என் சேவல் மிராசு இரண்டாம் இடம். ராஜாராமுக்கு மாமல்லபுரத்தில் கல் பட்டறை. சாபோ வைத்திருக்கிற இன்னொரு ஆள் அவர்தான். ஒரே வியாபாரியிடம் ஒரே மாதம் வாங்கினோம். அன்றைக்குப் பரிசை வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: “முட்ட விக்கிறவங்களுக்கு பேன்டம் இன்னாத்துக்கு? ஆம்லெட் போடவா?”

ஆமாம், முட்டை விற்றேன். தலையில் கூடை வைத்து, பஸ்ஸில் ஏறி, அச்சரப்பாக்கத்திலிருந்து அணுபுரம் வரை வீடு வீடாக விற்றேன். அப்படி விற்றுத்தான் இன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் தீவனக் கடை. கையில் முட்டையை எடுத்தால் எத்தனை நாள் ஆனது என்று சொல்வேன். அவரால் முடியுமா?

இந்த முறை மிராசுதான். வெள்ளை உடம்பு, கறுப்பு வால், வாலின் இரண்டு கத்தி இறகிலும் வெள்ளை விளிம்பு ஓரிடத்தில்கூட உடையவில்லை. நிலபுலன் வைத்திருக்கிறவன் வரப்பில் நடக்கிற மாதிரி நடப்பான். அந்தப் பெயரும் அதனால்தான்.

டிசம்பர் 19, வியாழன்

செங்கல்பட்டில் யூனிபார்ம் கடைக்குப் போய் வெள்ளைக் கோட்டு ஒன்று வாங்கினேன். கண்காட்சியில் ஜட்ஜ் வெள்ளைக் கோட்டு போட்டு வருவார், குச்சியால் நெஞ்சைத் தொடுவார். பழகாத சேவல் மூலையில் போய் ஒண்டிக்கொள்ளும். மார்க் போய்விடும்.

இனி தினமும் காலையில் இவர்தான் ஜட்ஜ். கோட்டைப் போட்டுக்கொண்டு கூண்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

“டிக்கெட் எட்த்தியா?” என்றார் மிராசுவிடம்.

“குச்சிய மெதுவா நீட்டுய்யா. வெசில் அடிக்கிற வேலயெல்லாம் இங்க வாணாம்.”

குச்சி நெஞ்சில் பட்டதும் அவன் நிமிர்ந்தால் ஒரு கம்பு மணி. நிமிராவிட்டால் ஒன்றும் கிடையாது.

டிசம்பர் 25, புதன்

ஜெஸ்ஸி வாட்ஸப்பில் போட்டோ அனுப்பியிருக்கிறாள். கேக்குக்குப் பக்கத்தில் கோழி. அணுபுரத்தில் அக்கவுன்ட்ஸ் ஆபீசில் வேலை செய்கிற பெண், நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். போன வருஷம் மிராசுவின் முதல் ஈட்டில் வந்த ஒரு நெட்டையை அவளுக்குக் கொடுத்தேன். அதற்குப் ‘பாப்பா’ என்று பெயர் வைத்து வீட்டு ஆள் மாதிரி வைத்திருக்கிறாள். வாரம் ஒரு போட்டோ. கட்டைவிரல் பொம்மை ஒன்று போட்டுவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

இன்று கம்பு காட்டவே இல்லை. இவர் வெள்ளைக் கோட்டில் வருவதைப் பார்த்ததுமே மிராசு நெஞ்சைத் தூக்கி, வாலை நிமிர்த்தி, இறக்கையைத் தரையில் ஊன்றி நின்றான். குச்சி தொட்டபோது இமைக்கக்கூட இல்லை.

“தோ பாரு, சொம்மா கல்யாண மாப்ள கணக்கா நிக்கிறான்,” என்றார் இவர். அவருக்கே பெருமை தாங்கவில்லை.

ராஜாராம், வாங்க பார்க்கலாம்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பக்கத்து நிலத்தில் ஜெயக்குமாரின் நாட்டுக்கோழிப் பண்ணை. என் வாடிக்கை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். காலையில் வேலியோரம் நின்று சொன்னான்: “யக்கா, நைட்டு கொஞ்சம் செத்துப் போச்சி. வெள்ளக்கழிச்சல்தான். மருந்து எதுனா கீதா?”

அந்தக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போட்டானா என்று கேட்டேன். போட்டானாம். போட்டும் வெள்ளைக்கழிச்சலா?

ஜனவரி 18, சனி

போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது.

கொண்டை ஊதா நிறம். முகம் வீங்கியிருக்கிறது. காலில் ரத்தம் கட்டின புள்ளிகள். காலையில் தீனி தின்ற கோழி மத்தியானம் கிடக்கிறது. கொட்டகைக்குப் பின்னால் குழி, மேலே புது மண். தீவனக் கடையில் உட்கார்ந்து எத்தனை பண்ணைக் கதை கேட்டிருக்கிறேன். இது கழிச்சல் இல்லை, பறவைக் காய்ச்சல்.

“யாருகிட்டயும் சொல்லாத யக்கா. சொன்னா ஒரு கிலோமீட்டருக்கு இன்னா கீதோ எல்லாத்தையும் அட்ச்சிப் பொதைப்பானுங்க. ஒன்னுதும் சேத்துதான்.”

மிரட்டவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. ஆனால் சொன்னது நிஜம். என் கூண்டுக்கும் அவன் கொட்டகைக்கும் நடுவில் ஒரு வேலி, ஒரு கிணறு.

ஜனவரி 19, ஞாயிறு

கடையைத் திறக்கவில்லை. நாளைக்கும் திறக்க மாட்டேன். சுற்று வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேர் செருப்பும் என் கடை வாசலில்தான் கழற்றிப் போடப்படுகிறது. நான் ஜெயக்குமார் கொட்டகையில் நின்றுவிட்டு வந்தவள்.

போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. “யக்கா, லேயர் தீனி எப்ப வரும்?” “யக்கா, ஒடம்பு சரியில்லியா?” உடம்பு சரியில்லை என்றேன். வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அது புகார். சொல்லாவிட்டால் பொய். வீட்டைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூண்டு வாசலில் பெர்மாங்கனேட் தண்ணீர், அதற்குத் தனிச் செருப்பு, கை கழுவிக் கழுவித் தோல் உரிகிறது.

என் கோழிகள் நன்றாக இருக்கின்றன. ஒரு தும்மல்கூட இல்லை. கூண்டு கூண்டாகக் காது வைத்துக் கேட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

கிணற்றடியில் ஒரு காக்கா செத்துக் கிடந்தது.

சாயங்காலம் ஜெயக்குமார் வேலியோரம் வந்தான். மிச்சம் இருக்கிறதை வியாழக்கிழமை வண்டியில் ஏற்றிவிடுகிறானாம். மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு எடுக்கிற ஆள் ஒருத்தன் ஒத்துக்கொண்டிருக்கிறான். “எல்லாம் போய்ச்சின்னா இங்க ஒண்ணும் கீதுன்னு யாருக்குத் தெரியும்? நீயும் தப்ச்சே, நானும் தப்ச்சேன்.”

உண்மையை எழுதுகிறேன், படிக்கப் போவது நான் மட்டும்தானே. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வண்டி போகட்டும், சனியன் தொலையட்டும் என்றுதான் தோன்றியது. வண்டி எந்த எந்த ஊர் வழியாகப் போகும் என்பது அப்புறம்தான் புத்தியில் ஏறியது.

ஜனவரி 22, புதன்

காலையில் இவரிடம் சொல்லாமல் மிராசுவையும் இரண்டு பெட்டைகளையும் கூடையில் வைத்துக் காரில் ஏற்றினேன். ஜெஸ்ஸிக்கு போன் செய்தேன். “ஒரு வாரம் வெச்சிக்கிறியாம்மா?” “கொண்டு வாங்க ஆன்ட்டி, பாப்பாவுக்கும் ஒரு தொணையாச்சு,” என்றாள். அணுபுரம் இங்கிருந்து எவ்வளவோ தூரம். அங்கே போய்விட்டால் எந்த வட்டத்துக்குள்ளும் அவன் வர மாட்டான். இவனாவது பிழைப்பான்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தினேன். காரிலிருந்து காலைக் கீழே வைத்தபோது பார்த்தேன். செருப்பு அடியில் உமி ஒட்டியிருக்கிறது.

எங்கள் கூண்டுக்கு மணல். உமி ஜெயக்குமார் கொட்டகையில்தான்.

சனிக்கிழமை போட்டுப் போன செருப்பு. அவசரத்தில் அதையே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கார் மிதியடியிலும் உமி. கூடையை வைத்த இடத்திலும் உமி. இதையெல்லாம் வாரிக்கொண்டு நான் அந்தப் பெண் வீட்டுக்குப் போகிறேன். அவள் கோழி பக்கத்தில் மிராசுவை இறக்கிவிட்டு, இருபது வருஷமாக எனக்கு முட்டைக் காசு கொடுத்த அந்த ஊரிலிருந்து கைவீசிக்கொண்டு திரும்பி வரப் போகிறேன்.

டீ ஆறிப் போயிற்று. கூடைக்குள் மிராசு கூவினான். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “இன்னாமா, கார்ல அலாரமா?” என்றார்.

வண்டியைத் திருப்பினேன்.

ஜெஸ்ஸிக்கு வேறு சாக்கு சொன்னேன். இவர் வாசலில் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஜனவரி 23, வியாழன்

வண்டி வருவதற்குள் அரசாங்க கால்நடை டாக்டருக்கு போன் செய்துவிட்டேன். ஸ்ரீதேவி என்று பெயர், சின்ன வயசு. “நீங்க சொல்றது சரின்னா ஒங்க கோழியும் வட்டத்துல வரும், தெரியும்ல?” என்றார்.

தெரியும்.

ஜனவரி 25, சனி

சாம்பிள் எடுத்து போபால் லேபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தெரு முனையில் தடுப்பு. கோழி, முட்டை, தீவனம் எதுவும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. மனிதர் போகலாம். ஆனால் எங்கே போவது? எந்தப் பண்ணைக்காரனும் என்னைக் கண்டால் கேட்டைச் சாத்துவான். நானாக இருந்தாலும் சாத்துவேன்.

ஜெயக்குமார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒன்றே ஒன்று சொன்னான். “கூடப் பொறந்தவளா நென்ச்சேன் யக்கா.”

ஜனவரி 27, திங்கள்

குழாயடியில் சம்பூர்ணம் பிடித்துக்கொண்டாள். நான்கு வீடு தள்ளி இருக்கிறாள். ஆறு கோழி வைத்திருக்கிறாள், ஒன்று அடையில் உட்கார்ந்திருக்கிறது.

“ஒனுக்கு கட கீது, காரு கீது. எங்கோழி இன்னாடி பண்ச்சி ஒன்ன? ஊர்க்கோழி அத்தினியும் முழுங்கிட்டு நிக்கிறியே!”

“என்னுதும்தான் போவுது சம்பூர்ணம்.”

“ஒன்னுது போனா பேப்பர்ல வரும். என்னுது போனா கொழம்புகூட இல்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒரு கோழிக்கும் ஒன்றும் இல்லை. இதுதான் கொடுமை. நோய் வந்து செத்தால்கூட மனசு ஒப்பும். காலையில் எல்லாம் கூவுகின்றன, தின்கின்றன, மணலில் புரள்கின்றன. நானே போன் செய்து இதற்கு ஆள் வரவழைத்திருக்கிறேன்.

டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால்? வரலாம் இல்லையா?

ஜனவரி 30, வியாழன்

கண்காட்சியை நிறுத்திவிட்டார்கள். ராஜாராம் போன் செய்தார். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசாத ஆள். திட்டத்தான் போகிறார் என்று எடுத்தேன்.

“நீதான் போன் பண்ணி சொன்னியாமே?”

“ஆமா.”

போனில் பட்டறையின் உளிச் சத்தம் கேட்டது.

“அந்தக் கோழி வண்டி கெளம்பியிருந்தா என் தெரு வழியாத்தான் போயிருக்கும், தெரியுமா?” என்றார். வைத்துவிட்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்குக் கண்காட்சி இருந்திருக்க வேண்டிய நாள். காலையில் எழுந்ததும் கை தானாக வேலையை ஆரம்பித்துவிட்டது. மிராசுவைக் குழந்தை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன், துணியில் சுற்றி ஹேர் டிரையரில் காய வைத்தேன். கொண்டைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய். அவ்வளவு அழகாக அவனை நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் டாக்டர் ஸ்ரீதேவி போன் செய்தார். ரிசல்ட் வந்துவிட்டது. குரலிலேயே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தினமும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலில் ஜெயக்குமார் பண்ணை. அப்புறம் வீடு வீடாக. சம்பூர்ணம் அடைக்கோழியைக் கூடையோடு தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் எங்கள் வீடு.

டாக்டர் என்னை உள்ளே போய் உட்காரச் சொன்னார். போகவில்லை. வாசற்படியில் நின்றேன், இவரும் நின்றார். நான்கு பேர் வந்தார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண்ணாடி, கையில் வளைந்த கம்பி. பெட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கூண்டை மோதின. மற்ற சேவல்களும் அப்படித்தான்.

அதில் ஒருத்தன் மிராசுவின் கூண்டுக்கு முன்னால் போய் நின்று கம்பியை நீட்டினான்.

மிராசு ஒதுங்கவில்லை. முன்னால் வந்தான். நெஞ்சைத் தூக்கினான், வாலை நிமிர்த்தினான், இரண்டு இறக்கையையும் தரையில் ஊன்றினான். கம்பி நெஞ்சில் பட்டது. அப்படியே நின்றான்.

அந்த ஆளுக்குக் கை ஓடவில்லை. திரும்பிப் பார்த்துக் கேட்டான்: “இன்னாமா இது, போஸ் குடுக்குது?”

“ஜட்ஜுன்னு நென்ச்சிக்கினு கீறான்,” என்றேன்.

இவர் திரும்பிக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். நான் கடைசி வரை நின்றேன். யாராவது ஒருத்தர் அவனைப் பார்க்க வேண்டும் இல்லையா? அவன் யாராவது பார்ப்பார்கள் என்றுதானே நின்றான்.

இன்குபேட்டரில் இருந்த முட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 5, புதன்

விடிந்ததும் எழுந்து, பழக்கத்தில் தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவி வைத்திருக்கிறேன். கவிழ்த்து வைத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

எல்லா இடத்திலும் சுண்ணாம்பு. கூண்டுகளைப் பிரித்துக் கொளுத்தியாகிவிட்டது. இனி நான் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வேலூருக்குப் போகலாம், திருப்பதிக்குப் போகலாம். எங்கும் போகவில்லை. முற்றத்தைச் சுற்றி வருகிறேன். கூண்டு இருந்த இடத்தை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறேன் என்று இவர் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 10, திங்கள்

கடையைத் திறந்து ஒரு வாரம். ஈ ஓட்டுகிறேன். இன்று ஜெயக்குமார் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளைப் பார்த்துச் சொன்னான்: “மாட்டுத் தீனி ஒரு மூட்ட.” மாடு வாங்கியிருக்கிறானாம். நானே தூக்கி அவன் வண்டியில் வைத்தேன். “நீ இன்னாத்துக்கு யக்கா தூக்கற?” என்றான். அக்கா என்று சொல்லிவிட்டோமே என்று அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜெஸ்ஸியின் வாட்ஸப் போட்டோ. எப்போதும் போலக் கட்டைவிரல் போடப் போனேன். விரல் நின்றுவிட்டது.

வெள்ளை உடம்பு. கறுப்பு வால். பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் ஓரிடத்திலும் உடையாத வெள்ளைக் கோடு.

மிராசுவின் வால். நெட்டைக் கால்களின் மேல் நிற்கிறது.

என் கூண்டில் இருந்திருந்தால் பாப்பாவும் மிராசுவோடு குழியில்தான் கிடக்கும். அன்றைக்கு ஏரிக்கரையில் நான் குனிந்து செருப்பைப் பார்க்காமல் போயிருந்தாலும்—

இதை முடிக்க வேண்டாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குளித்து, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு அணுபுரம் போனேன். ஜெஸ்ஸி வீட்டுப் பின்பக்கம் கறிவேப்பிலைச் செடிக்கடியில் பாப்பா கிளறிக்கொண்டிருந்தது.

பேரம் பேசுவது எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. பாப்பாவைக் கொடு, ஒரு ஜோடி சில்க்கிக் கோழி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டுமானால் வான்கோழி. நீயே ஒரு விலை சொல் என்றேன்.

“ஆன்ட்டி, கோவப்படாதீங்க. இவ எங்க வீட்டு ஆளுல்லா. அத மட்டும் கேக்காதீங்க.”

நான் விட்டெறிந்த கோழி. பை கொடுக்கச் சோம்பல்பட்டு ஷூ பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பியது. அதன் முன்னால் நின்று கெஞ்சுகிறேன். ஜெஸ்ஸிக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். காப்பி கொடுத்தாள். மிராசுவைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். அந்த வெள்ளைக் கோட்டுக் கதையையும் சொன்னேன். அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

“இவ இங்கயே இருக்கட்டும்,” என்றாள். “சேவல நீங்க இங்க கொண்டு வாங்க. முட்டைய எடுத்துக்கிடுங்க.”

சேவல். குட்டைக் கால் நெட்டையிடம் இல்லை, அது சேவலிடமிருந்துதான் வர வேண்டும். இந்த ஜில்லாவில் சாபோ சேவல் இனி ஒரே ஆளிடம்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

போனேன்.

ராஜாராம் ஒரு நந்தியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, “இன்னா வோணும்?” என்றார்.

“ஒரு சேவல். பத்து நாளைக்கி.”

“முட்ட விக்கவா?”

“ஆம்லெட் போட.”

கையை நிறுத்தினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “ஞாபகம் வெச்சிக்கினு கீறியே,” என்றார். எழுந்து பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

முன் வரிசைக் கூண்டுகளைக் கண்காட்சியில் பார்த்திருக்கிறேன். பின்னால் பார்த்ததில்லை. கல் துண்டுகளுக்கு நடுவே நெட்டைகள், எத்தனையோ நெட்டைகள், சாவகாசமாகத் திரிகின்றன.

“இதெல்லாம் எதுக்கு வெச்சிகினு கீறீங்க?”

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். “குட்டையும் குட்டையும் சேத்துவுட்டா குஞ்சு முட்டைலியே சாவும்மா. ஒரு பக்கம் நெட்டை வோணும். நீ எல்லாத்தையும் தள்ளிட்டியா?”

இன்குபேட்டர் மெக்கானிக்கை நான் மூன்று முறை கூப்பிட்டேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ராஜாராமே சேவலைக் கொண்டுவந்து ஜெஸ்ஸி வீட்டில் இறக்கினார். சேவல் பாப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஏற முடியவில்லை. தாவுகிறது, சறுக்குகிறது. இவர் கூட வந்திருந்தார். “ஏணி வெச்சிக் குடுங்கய்யா,” என்றார்.

ராஜாராம் ஒரு கடப்பாரை கேட்டார். கறிவேப்பிலைச் செடிக்கடியில், பாப்பா மண் குளிக்கிற இடத்தில், ஒரு பக்கம் சரிவாகப் பள்ளம் வெட்டினார். சிலைக்குப் பீடம் வெட்டுகிற கவனத்தோடு கையால் தடவித் தடவிச் சரி செய்தார். பாப்பா பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது.

அப்புறம் ஏணி தேவைப்படவில்லை. ஜெஸ்ஸி வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

மே 11, ஞாயிறு

பாப்பா ஏழு முட்டை இட்டு அடையில் உட்கார்ந்துவிட்டது. எடுத்துக்கொண்டு வந்து இன்குபேட்டரில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அது உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால் கை போகவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

ஏழும் பொரித்தது. ஒன்றுகூட ஓட்டுக்குள் சாகவில்லை. மூன்று குட்டை, நான்கு நெட்டை. குட்டையில் ஒன்று வெள்ளையில் கறுப்பு, சேவலாக இருக்கலாம். இவர் பார்த்ததும், “கோட்டு எங்க வெச்சே?” என்றார். பீரோவில் இருக்கிறது. எடுக்கவில்லை. இப்போது வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

கால்நடைத் துறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, ஊரில் மறுபடி கோழி வைக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். குஞ்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜெஸ்ஸி கூடவே வந்து புதுக் கூண்டுக்குள் மணலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் சம்பூர்ணம் வாசலில் வந்து நின்றாள். குழாயடிக்கு அப்புறம் இன்றுதான் பேசுகிறாள். வெகு நேரம் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த நெட்டைங்க நாலும் ஒனுக்கு ஆவாதே. ஒண்ணு எனுக்குக் குடேன்.”

“நெட்டை தர்றதுக்கில்ல சம்பூர்ணம்,” என்றேன். “நாட்டுக் குஞ்சு வாங்கித் தரேன், ஆறு.”

“இன்னாடி, குட்டையத் தர மாட்டேன்னு சொன்னாலும் அர்த்தம் கீது…”

புரியாமல் போனாள். ஆறு குஞ்சுக்குச் சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.